மூன்றாம் வேற்றுமை

விமான நிறுவனம் ஒன்றுடன் 2025 ஜூன், ஜூலை மாதங்களில் நாற்பத்தேழு நாள்கள் கடிதப் போக்குவரத்து நடத்த நேர்ந்தது. முடிவில் அம்மடல்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் படித்தபோது, இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வரும் ஓர் இலக்கணப் பகுதி எனக்குப் புதிதாகப் பொருள் தந்தது.

நிறுவனம் எழுதியவை பதினொரு மடல்கள். எல்லாம் ஆங்கிலம். தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: விமானம் இரத்து செய்யப்பட்டது. பை தவறவிடப்பட்டது. தேடுதல் மேற்கொள்ளப்பட்டுள்ளது. தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் எழுவாயாகி நிற்கும். செய்தவர் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபை ஏற்று வருவார். 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. இந்தப் பதினொரு மடல்களிலும் கல்லணைகள் இருந்தன; கரிகாலன் ஒருவனும் இல்லை. யாரால் இரத்து செய்யப்பட்டது, யாரால் தவறவிடப்பட்டது, யாரால் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது என்பதற்கு எங்கும் விடையில்லை.

நடந்தது இதுதான். ஈப்போவில் வாழ்ந்து 2024-இல் மறைந்த என் பெரியப்பாவின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் மகள், எனக்கு அக்கா முறை, ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். 1961 முதல் 1984 வரை என் அப்பா தம் அண்ணனுக்கு எழுதிய அறுபத்து நான்கு கடிதங்கள் அதில் இருந்தன. பெரும்பாலும் நீல நிற வான் அஞ்சல் தாள்கள். மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும் வகை. அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. ஒரு பழைய குடும்ப அட்டையில் இருக்கும் கையொப்பத்தைத் தவிர, அவர் எழுத்து எங்கள் வீட்டில் வேறெங்கும் கிடையாது.

டின்னைக் கைப்பைக்குள் வைத்து, கையிலேயே வைத்திருந்தேன். ஜூன் 8 இரவு கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் புறப்பட வேண்டிய விமானம் இரத்தாயிற்று. மறுநாள் சென்னை வழியாக வேறொரு விமானத்தில் இடம் தந்தார்கள். ஏறும் வாயிலில், மேலடுக்குகள் நிரம்பிவிட்டன என்று சொல்லி, எனக்கு முன்னும் பின்னும் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரின் கைப்பைகளோடு என் பையையும் வாங்கிக்கொண்டார்கள். டின்னை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வரிசை நிற்கிறது, நேரமாகிறது என்றார்கள். கைப்பிடியில் சீட்டு ஒட்டி, அதன் துண்டை என் கையில் கொடுத்தார்கள்.

அந்தச் சீட்டு அற்பமான காகிதம் போலத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அப்படியில்லை. பன்னாட்டு விமானப் பயணத்தை ஆள்வது 1999-இல் மாண்ட்ரியல் நகரில் உருவான உடன்படிக்கை. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது; மலேசியா அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. பயணி தம்மிடமே வைத்திருக்கும் பைக்குச் சேதம் வந்தால், நிறுவனத்தின் தவறு என்று காட்டினால்தான் அது பொறுப்பேற்கும். சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்ட பை, நிறுவனத்தின் காவலில் இருக்கும்போது தொலைந்தாலோ கெட்டாலோ, தவறு யாருடையது என்ற கேள்வியே எழாது. பொருளின் இயல்பான குறையால் கெட்டது என்று காட்டினாலன்றி நிறுவனமே பொறுப்பு. ஆகவே வாயிலில் பையை வாங்கிய அந்த நொடியில், டின்னைக் காக்கும் கடமை என்னிடமிருந்து அவர்களிடம் போய்விட்டது.

சென்னையில் சுழலும் பட்டையில் கடைசிப் பையும் போன பிறகு, பயணப்பைக் குறை சொல்லும் மேசைக்குப் போனேன். ஓர் இளைஞர் இருந்தார். இரவெல்லாம் விழித்த கண்கள்.

"உள்ளே என்ன இருந்தது மேடம்?"

"இரண்டு புடவை, ஒரு சால்வை, ஒரு பிஸ்கட் டின்னில் கடிதங்கள்."

"டாக்குமெண்ட்ஸா?"

"இல்லை. அப்பா எழுதிய கடிதங்கள்."

சற்றுத் தயங்கி, 'பேப்பர்ஸ்' என்று தட்டச்சு செய்தார். மதிப்பு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வெறுமையாக விட்டார்.

அவர் தந்த அறிக்கையைப் பி.ஐ.ஆர். என்கிறார்கள். அதில் பத்து எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு: நிலையத்திற்கு மூன்றெழுத்து, நிறுவனத்திற்கு இரண்டு, பிறகு ஐந்து இலக்கம். உலகெங்கும் தொலையும் பைகளைத் தேடும் பொதுக் கணினி வலையில் நம் பைக்கு அதுதான் பெயர். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் இதை வாங்கிவிட வேண்டும் என்பது, இக்கட்டுரையிலிருந்து வேறெதை மறந்தாலும் நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அடுத்த சில நாள்கள் தொலைபேசியில் கழிந்தன. தமிழுக்கு எண்ணை அழுத்தினால் பதிவு செய்த குரல் நல்ல தமிழில் வரவேற்கும். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று பலமுறை உறுதி கூறும். பிறகு வரும் மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிய மனிதர். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் தொலைபேசியை நிறுத்திவிட்டு எழுத்திற்கு வந்தேன். பேச்சுக்குச் சான்றில்லை, மடலுக்குத் தேதி உண்டு.

எழுத உட்கார்ந்தபோது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளாக அதைச் சினத்தின் பாடலாகவே நடத்தி வந்திருக்கிறேன். முறையீட்டு மனுவாகப் படித்தால் அதன் ஒழுங்கு வியக்க வைக்கிறது. கண்ணகி முதலில் தன் ஊரைச் சொல்கிறாள். கணவன் யார், எதற்காக மதுரைக்கு வந்தான், என்ன நேர்ந்தது என்று வரிசையாகச் சொல்கிறாள். தன் பெயரையும் சொல்கிறாள். அடுத்துச் சான்று. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று உடைப்பதற்கு முன்பே கூறிவிடுகிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். இருவரும் சொல்லி முடித்த பிறகே சிலம்பு உடைகிறது. அந்த வழக்கு முழுவதும் உள்ளே என்ன இருந்தது என்ற ஒரு கேள்வியில்தான் தீர்ந்தது. என் கையில் உடைத்துக் காட்டச் சிலம்பு இல்லை. ஆனால் வரிசை கிடைத்தது: பெயர், பயணச்சீட்டு எண், பையின் சீட்டு எண், தேதி, நடந்தது, உள்ளே இருந்தது, வேண்டுவது. உணர்ச்சிக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கினேன்.

இருபத்தொரு நாள்கள் கடந்தும் வராத பையைத் தொலைந்ததாகவே கொள்ளலாம் என்பது உடன்படிக்கையின் விதி. பதினாறாம் நாள், ஜூன் 25 அன்று, பை வீட்டு வாசலுக்கு வந்தது. எங்கோ மழையில் கிடந்திருக்கிறது. ஒரு பக்கத் தையல் பிரிந்திருந்தது. டின்னின் மூடி நெளிந்து, உள்ளே நீர் புகுந்திருந்தது.

சென்னையில் பழந்தாள்களைப் பேணும் பணி செய்யும் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, வெயில் படாமல், மையொற்றுத் தாள்களுக்கு இடையில் வைத்து ஒவ்வொன்றாக உலர்த்தினேன். பந்துமுனைப் பேனாவால் எழுதியவை ஏறக்குறைய அப்படியே இருந்தன. மைப் பேனாவால் எழுதியவை கரைந்து, நீலத் தாளில் நீலப் புகையாகிவிட்டன. அறுபத்து நான்கில் ஐம்பத்தொன்றைப் படிக்க முடிகிறது. பதின்மூன்று போயின. 1977 நவம்பரில் திருச்சி வெள்ளத்தில் மூழ்கியதைப் பற்றி எழுதிய கடிதம் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. தேதியும், 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்பதும், கீழே 'தண்ணீர் வடிந்து' என்ற இரண்டு சொற்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இக்கடிதங்கள் யாவும் ஒரு முறை வானில் பறந்து கடல் கடந்து உரியவர் கையில் போய்ச் சேர்ந்தவை. அஞ்சல் துறை ஒரு தாளுக்கு ஒரு தலை ஒட்டி வாங்கிக்கொண்டு அதைச் செய்து முடித்திருக்கிறது.

சேதத்திற்கு முறையிட ஏழு நாள் கெடு. தாமதத்திற்கு இருபத்தொரு நாள். இரண்டும் பை கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். கெடு தவறினால் வழக்கே இல்லை. நீதிமன்றம் செல்ல இரண்டாண்டு. பலர் பை கிடைத்த மகிழ்ச்சியில் ஏழு நாளை விட்டுவிடுகிறார்கள். நான் இரண்டாம் நாளே படங்களோடு எழுதினேன்.

விடை வந்தது. ஆவணங்களுக்குப் பொறுப்பேற்கப்படாது என்று பயண நிபந்தனைகளில் கூறப்பட்டுள்ளது. நல்லெண்ண அடையாளமாக அடுத்த பயணத்திற்குச் சலுகைச் சீட்டு வழங்கப்படும். மீண்டும் 'ஆல்' இல்லாத வாக்கியங்கள். உடன்படிக்கையின் இருபத்தாறாம் பிரிவை எடுத்துக் காட்டினேன். நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவோ, வரம்பைக் குறைக்கவோ ஒப்பந்தத்தில் எழுதும் எந்த நிபந்தனையும் செல்லாது என்பது அதன் சாரம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே, வழக்கறிஞர் இன்றி மனுச் செய்ய முடியும் என்பதையும் குறிப்பிட்டேன். அடுத்த மடலில் சலுகைச் சீட்டு மறைந்து தொகை வந்தது. மேலும் மூன்று மடல்களுக்குப் பின், பைக்கும் துணிக்கும், தாள்களைப் பேணிய செலவுக்குமாக முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என் கணக்கில் சேர்ந்தது.

பதின்மூன்று கடிதங்களுக்கு விலை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்த அளவையில் கேட்பது? 1929-ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை பயணப்பையை எடையால் அளந்தது: ஒரு கிலோவுக்கு இவ்வளவு தங்கப் பிராங்கு என்று. என் டின் ஒரு கிலோகூட இராது. மாண்ட்ரியலில் எடையை விட்டு ஆளுக்கு இவ்வளவு என்றார்கள். 1999-இல் 1,000 சிறப்பு எடுப்புரிமை அலகாக இருந்த வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 அலகு; ஐந்து நாணயங்களின் கலவையான அந்த அலகை ரூபாயாக்கினால், நான் பயணம் செய்த காலத்தில் ஒன்றேமுக்கால் இலட்சத்தை ஒட்டி வந்தது. அதற்கு மேல் வேண்டுமானால், பையை ஒப்படைக்கும்போதே கூடுதல் கட்டணம் செலுத்தி, அது சேர்விடம் சேர்வதில் தமக்குள்ள தனி அக்கறையை அறிவித்துவிட வேண்டும். 'சேர்வதில் உள்ள அக்கறை' என்ற அந்தத் தொடர் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. சட்டத்திற்கும் அக்கறை என்ற சொல் தெரிந்திருக்கிறது. நெருக்கியடிக்கும் வாயிலில், ஒரு நிமிட அவகாசத்தில், அதை அறிவிக்க ஒரு கட்டம்தான் இல்லை.

மேசைக்குப் பின்னிருந்த இளைஞரையோ, பையை மழையில் இறக்கி வைத்த சுமைப் பணியாளரையோ நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பெயர் எனக்கு வேண்டியதும் இல்லை. பணியைப் பல கைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டால், எந்தக் கையும் 'என்னால்' என்று சொல்ல வேண்டியிராது. பெரிய நிறுவனங்களின் மொழி அந்த வசதிக்காகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் உடன்படிக்கையில் பொறுப்பை வகுக்கும் பிரிவுகளைப் பாருங்கள். அங்கே செயப்பாட்டுவினை இல்லை. ஏற்றிச் செல்பவர் பொறுப்பாவார் என்றுதான் வாக்கியம் தொடங்குகிறது. எழுவாய் முதலில் நிற்கிறது. பயனிலை அதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஆண்டு இளங்கலை மாணவர்களுக்கு முறையீட்டுக் கடிதம் நடத்தும்போது, அப்பதினொரு மடல்களில் நான்கைப் பெயர் நீக்கித் தமிழாக்கிக் கொடுத்து, செய்வினையாக மாற்றச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "செய்தது யாரென்றே இதில் இல்லையே மேடம், எழுவாய்க்கு என்ன போடுவது?" என்று கேட்டாள். பயணச்சீட்டில் யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அதைப் போடு என்றேன்.