ஸ்கேன் கவரின் முதுகில்

அண்ணன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய தோள். நேற்று மாலை வந்தவன் இன்னும் மல்லாந்து படுக்கவில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிறான். கணைய அழற்சிக்காரர்கள் பலரும் இப்படித்தான். தண்ணீர் கேட்கிறான். வாய்வழியே எதுவும் கூடாது என்றிருக்கிறார்கள். மனைவி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுகிறாள்.

ரிப்போர்ட்டில் லைபேஸ் 2,140. அந்தப் பெரிய எண்ணைக் கண்டு மிரண்டிருக்கிறாள். நோய் இன்னதென்று காட்டும் எண் அது; எவ்வளவு முற்றும் என்று காட்டாது. கிரியாட்டினின் 0.9 என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் கேட்கிறாள்.

“கிட்னிக்கு ஒண்ணும் இல்லதானே சார்?”

“இப்பவே சொல்ல முடியாதும்மா. யூரின் எவ்வளவு போகுதுன்னு பாருங்க.”

முப்பது வருடம் லேபில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிரியாட்டினின் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் ஏறுவதை எத்தனை ஆயிரம் குழாய்களில் பார்த்திருப்பேன்! மாக்ஸ் யாஃபே 1886-இல் கண்ட வினை. ஆனால் அந்த நிறம் சோம்பேறி. சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் ஏறும். என்ஜிஏஎல் (NGAL), சிஸ்டாட்டின்-சி என்று முந்திக் காட்டும் குறிகள் இருக்கின்றன. இந்த வார்டின் லேப் சீட்டில் அவற்றுக்குக் கட்டமே கிடையாது.

இருப்பதை வைத்துப் படிக்க வேண்டியதுதான். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி 44 இருந்தது, இரவில் 50. யூரியா 28 இருந்தது, இப்போது 56. இரத்தத்தின் நீர், நாளங்களை விட்டு வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. மிச்சம் குழம்பாகிறது. கடைமடை வயல்போலச் சிறுநீரகம் வரத்துக்குக் காத்துக் கிடக்கிறது. டிரிப்ஸை அதற்காகக் கண்மூடித் திறந்துவிடவும் முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

மூன்று மணி. சிஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யூரின் பையில் டார்ச் அடிக்கிறார். “பதினெட்டு.”

அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். ஆறு மணி நேரம் அதற்குக் கீழேயே நின்றால், கிரியாட்டினின் என்ன சொன்னாலும் சிறுநீரகம் அடிபட்டதாகத்தான் கணக்கு. மனைவி அதை ஸ்கேன் கவரின் முதுகில் எழுதுகிறாள். மேலே 28, 24, 25, 21 என்று ஏற்கெனவே வரிசை. நான் வாய் திறக்கவில்லை. லேபில் இருந்தவரை குழாய்களைத்தான் பார்த்தேன், கையைப் பார்த்ததில்லை. ஊசி குத்திக் குத்தி அவன் முழங்கை மடிப்பு நீலம் பாரித்திருக்கிறது.

காலையில் சிறுநீரக டாக்டரை வரவழைத்தார்கள். மாலையில் புதுச் சீட்டு வந்தது. கிரியாட்டினின் 1.7.

அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, பையை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.