தைப்பிங்கில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பியதும் எங்களிடையே முதலில் எழும் கேள்வி, "இந்த முறை எங்கே போனீங்க?" என்பதுதான். சென்ற ஆண்டு தோழி ஒருவர் சுவிட்சர்லாந்திலுள்ள லூசெர்ன் நகரில் எடுத்த படங்களைக் காட்டினார். நீல நிற ஏரி, 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மரப்பாலம், பின்னணியில் பனி மூடிய மலை. தமிழ்த் திரைப்படப் பாடல்களில் நாம் அனைவரும் பார்த்துப் பழகிய நாடுதான் அது.

எங்களின் இருபதாவது திருமண நாளை அந்த ஏரிக்கரையில் கொண்டாட வேண்டும் என்று நானும் என் கணவரும் ஐந்தாண்டுகளாகப் பணம் சேர்த்து வந்தோம். என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சேமிப்பு வேறு வழியில் செலவானது. சக்கர நாற்காலி, இயன்முறை மருத்துவம், பெரியவர்களுக்கான அணையாடை எனச் செலவுகள் வரிசை கட்டி நின்றன. செலாயாங்கிலுள்ள எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் சேர்ந்து எங்கேயும் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ரவாங்கிலிருந்து வந்த அண்ணிதான், "ஒரு நாள் அம்மாவை நான் பார்த்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போய்ட்டு வாங்க," என்றார். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஏரி நகரம் எது என்று யோசித்தோம். நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் மாமியார் பிறந்து வளர்ந்தது தைப்பிங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து லாரியில் ஏறி, தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் சென்ற கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்பொழுது அவரால் பேச இயலாது.

எங்களோடு ஒரு கேள்வியும் பயணம் செய்தது. ஜொகூரில் இருக்கும் என் கொழுந்தனார், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று கூறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சுங்கை பூலோ நிலையத்தில் காலை இ.டி.எஸ். மின்தொடர்வண்டியில் ஏறினோம். தைப்பிங்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். பாடாங் ரெங்காசைத் தாண்டியதும் வண்டி பெராப்பிட் மலையைக் குடைந்த 3.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையில் நுழைந்தது. கைப்பேசியில் அலைவரிசை நின்றது. அந்தச் சில நிமிடங்கள் என் கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வெளியே வந்ததும், "அக்கா ஒன்னும் அனுப்பல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தைப்பிங்கில் பசியாறிவிட்டு நேராக ஏரிக்குச் சென்றோம். ஏரி என்று நாம் ஒருமையில் சொல்கிறோமே தவிர, அங்கே இருப்பவை ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் பல நீர்நிலைகள். சுவிட்சர்லாந்தின் ஏரிகளைப் பனிப்பாறைகள் குடைந்தன. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. தைப்பிங் ஏரிகளைக் குடைந்தவை மனிதக் கைகள். 19ஆம் நூற்றாண்டில் லாருட் வட்டாரம் முழுவதும் ஈய லம்பங்களாக இருந்தது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மண்ணை வெட்டிக் கூடைகளில் சுமந்து சென்று ஓடும் நீரில் அலசினார்கள். ஈயத்தாது கனமானது, அடியில் தங்கிவிடும். மணல் நீரோடு போய்விடும். தாது தீர்ந்ததும் குழிகளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்திற்குப் போனார்கள். குழிகளில் நீர் நிரம்பியது.

அந்த ஈயத்திற்காகவும் அதைக் கழுவும் நீருக்காகவும் கீ ஹின், ஹை சான் என்னும் இரு குழுக்கள் 1861ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் மோதிக்கொண்டன. 1874இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகே சண்டை ஓய்ந்தது. அதன் பின்னர்தான் இவ்வூருக்குத் 'தைப்பிங்' என்ற பெயர் வந்தது. சீன மொழியில் அதன் பொருள் பேரமைதி. கைவிடப்பட்ட லம்பக் குழிகளை 1880இல் பூங்காவாக மாற்றத் தொடங்கினார்கள். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா இதுவே. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சன்வே லகூன், மைன்ஸ் போன்ற இடங்கள் ஈய லம்பங்களாக இருந்தவைதாம். ஆனால், அங்கே அந்தப் பழைய குழி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தைப்பிங்கில் கரையோரம் நடக்கும்போது நிலம் எங்கே வெட்டப்பட்டது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

ஏரியைவிட என்னைக் கவர்ந்தவை கரையிலிருந்த தூங்குமூஞ்சி மரங்கள். நூறாண்டைக் கடந்தவை. சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி ஏரி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. மாலையானாலும் வானம் இருண்டாலும் இம்மரத்தின் இலைகள் மடிந்துகொள்ளும். மலாய்க்காரர்கள் இதனைப் 'புக்குல் லீமா' என்றும் அழைப்பர். ஐந்து மணி மரம் என்று பொருள். தென் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் இது. இப்பொழுது அந்தக் கிளைகளின் கீழே வாகனங்கள் செல்வதில்லை. நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மட்டுமே. மரத்துக்காகச் சாலையை விட்டுக்கொடுத்த ஊரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் கணவர் காணொளி அழைப்பில் அண்ணியை அழைத்தார். அம்மாவுக்கு ஏரியைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். "எனக்குக் காட்டுடா, நான் பார்க்கிறேன்," என்றார் அண்ணி. அவரும் இவ்வூரைப் பார்த்ததில்லையாம்.

ஒரு மரத்தடி இருக்கையில் அமர்ந்தோம். அங்குதான் அந்தக் கேள்வியை எடுத்தோம்.

"தம்பி சொல்றதுல தப்பில்ல," என்றார் அவர். "அங்கே தாதி இருப்பாங்க. நேரத்துக்கு மருந்து கொடுப்பாங்க. ஆனா, அம்மா சின்ன வயசுல லாரியில ஏறி இங்க வந்தாங்கன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அத்தையைத் திருப்பிப் படுக்க வைப்பவள் நான். அதே காலையில் எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவளும் நான். "அத்தை நம்ம வீட்ல இருக்கட்டும்ங்க. ஆனா, எனக்கும் ஓய்வு வேணும். இப்படியே இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது," என்றேன். அதை நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் தலையசைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, பகலில் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். கணக்கு எங்கள் இருவர் சம்பளத்தில் முடியவில்லை. தம்பியும் பங்கு தர வேண்டும். மாதத்தில் ஒரு வார இறுதி அண்ணி வர வேண்டும்.

கணக்கு முடிவதற்குள் மழை வந்துவிட்டது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று லாருட் மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால், தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம் இது. முன்பெல்லாம் இன்று எத்தனை மணிக்கு மழை பெய்யும் என்று ஊரார் பந்தயம் கட்டுவார்களாம். நாங்கள் ஓர் ஒட்டுக்கடையில் ஒதுங்கிச் செண்டோல் குடித்தோம். மழையில் நடுங்கிக்கொண்டே பனிக்கட்டி போட்ட செண்டோல் குடித்ததற்குக் காரணம் கேட்காதீர்கள். தைப்பிங்குக்கு வந்து அதைக் குடிக்காமல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மழை விட்டதும், 1883இல் தொடங்கப்பட்ட பேராக் அரும்பொருளகத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். மலையடிவாரத்திலுள்ள போர் வீரர் கல்லறைத் தோட்டத்தில்தான் அதிக நேரம் நின்றோம். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த 800க்கும் மேற்பட்டோருக்கான இடம் அது. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் இந்தியப் படையைச் சேர்ந்த முஸ்லிம்கள், கூர்க்காக்கள், பிறர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையை வடக்கில் எதிர்த்து நின்றது இந்தியப் படைப்பிரிவுதான். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யாரென்று இன்றுவரை அடையாளம் தெரியவில்லை. கற்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தியப் படை வீரர் ஒருவர் என்ற அளவிலேயே குறிப்பு உண்டு. ஆயினும், புல் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் செடி நட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் நாள்தோறும் வருகிறார்.

வாடகை மகிழுந்தில் குவாலா செபெத்தாங் சென்றபோது பிற்பகல் மூன்று மணி. இச்சிற்றூரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஜூன் 1ஆம் நாள் மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இங்கு வரை, 12.8 கிலோமீட்டர் தூரத்திற்குத் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் பிரிவினர் அப்பாதையை அமைத்தனர். இன்று தண்டவாளம் இல்லை. மிஞ்சியிருப்பவை பயணச்சீட்டு விற்ற சிறு கூடமும் நிலையத்தின் பெயர்ப்பலகையும்தான்.

அந்தப் பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. தமிழ் தெரிந்தவர்கள் அந்த வண்டியில் வந்திறங்கியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடம் இதுதானா என்று அந்த எழுத்துகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். என் கணவர் அதன் அருகில் நின்று எடுத்த படம் ஒன்றுதான் அன்று நாங்கள் எடுத்த நல்ல படம்.

அங்கே நின்றபடியே தம்பிக்குச் செய்தி எழுதினார். கணக்கையும் அனுப்பினார். எழுதியதை என்னிடம் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். 'அண்ணிக்கும் ஓய்வு வேண்டும்' என்ற வரியை அவரே சேர்த்திருந்தார்.

திரும்பும் வழியில் தஞ்சோங் மாலிமைக் கடந்தபோது பதில் வந்தது: "ஞாயிறு நேர்ல வரேன். பேசுவோம்."