வென்றவரிடம் கேட்கப்பட்ட கேள்வி

போட்டி ஒன்றை வாரந்தோறும் தொடர்ந்து காண்பவர்கள், தம்மை அறியாமலே நடுவர் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் முடிவதற்குள் ஒருவரைத் தேர்ந்துகொள்கிறோம். அதன்பின் நாம் காண்பதெல்லாம் நம் தேர்வுக்கான சான்றுகளையே. விளையாட்டுப் போட்டியானால் ஓட்டங்களும் புள்ளிகளும் நம்மைத் திருத்தும். மனிதரின் தகுதியை மனிதர் எடைபோடும் போட்டிகளில் அப்படித் திருத்துவது எதுவுமில்லை.

2005-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பங்கு இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் தொலைக்காட்சியின் முன் கூடிவிடுவது வழக்கம். ‘தி அப்ரெண்டிஸ்’ என்னும் நிகழ்ச்சியின் நான்காம் பருவம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தொழில் பயிலுநர் என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். பதினெட்டுப் பேர் இரு அணிகளாகப் பிரிந்து வாரம் ஒரு வணிகப் பணியைச் செய்வர். தோற்ற அணியிலிருந்து சிலர் நீண்ட மேசையின் முன் அழைக்கப்படுவர். தொழிலதிபர் டொனால்ட் டிரம்ப் அவர்களுள் ஒருவரைப் பார்த்து, ‘உன்னை நீக்கிவிட்டேன்’ என்பார். எஞ்சி நிற்கும் ஒருவருக்கு அவருடைய நிறுவனத்தில் ஓராண்டுப் பணி. சம்பளம் 2,50,000 டாலர். மார்க் பர்னெட் உருவாக்கிய இந்த நிகழ்ச்சி, 2004 ஜனவரியில் என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் முதற்பருவத்தின் இறுதிப் பகுதியை ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் கண்டனர். வேலை நீக்கம் என்பது எத்தனையோ குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுக்கும் துயரம். அது ஒரு நாட்டின் மாலைப் பொழுதுபோக்கானதை என்னால் இன்றுவரை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஆயினும் நானும் பார்த்தேன், ஆவலோடுதான் பார்த்தேன்.

வெல்லப்போகிறவர் ராண்டல் பிங்கெட் என்று நான் தொடக்க வாரங்களிலேயே சொன்னேன். அதற்குத் தனி ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. முப்பத்து நான்கு வயதான அவர் ஐந்து பட்டங்கள் பெற்றவர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றவர். அப்பெருமையைப் பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவரும் அவரே. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்து, நியூ ஜெர்சியிலேயே சொந்த நிறுவனம் நடத்திவந்தார். அதனால் எங்கள் வீட்டில் அவர் ‘நம்மவர்’. படிப்பைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. சண்டையும் காட்டிக்கொடுத்தலும் மலிந்த அந்தக் கூட்டத்தில், அவரைக் குறைசொல்லிப் பிழைக்கலாம் என்று எண்ணியவர்கள் அரிதாகவே இருந்தனர்.

இல்லத்தின் மூத்த பங்குத்தந்தையோ ரெபேக்கா ஜார்விஸ் பக்கம் நின்றார். இருபத்து மூன்று வயதுப் பெண். முதல் சில வாரங்களுக்குள் கணுக்கால் முறிந்து, ஊன்றுகோல்களோடு நியூயார்க் தெருக்களில் ஓடியாடி வேலை செய்தார். ‘வலியைக் காரணம் காட்டாதவரே தலைவர்’ என்பது முதியவரின் வாதம். அதையும் மறுக்க இயலவில்லை.

இத்தகைய நிகழ்ச்சியில் கணிப்பு என்பது எத்தகையது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். 2019-இல் ‘தி நியூயார்க்கர்’ இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் அந்த நிகழ்ச்சியின் படத்தொகுப்பாளர் ஒருவர் பேசியிருந்தார். சில வேளைகளில் டிரம்ப் தம் மனம்போன போக்கில் நல்ல போட்டியாளரை நீக்கிவிடுவாராம். அந்த முடிவு நியாயமாகத் தோன்றும்படி, பல மணி நேரப் பதிவுகளைத் துருவி, நீக்கப்பட்டவரின் குறைகளைத் தேடிச் சேர்ப்பார்களாம். தீர்ப்பு முதலில், வழக்கு பிறகு! நாம் ஊகித்ததெல்லாம் ஒருவரின் தகுதியையா, தொகுப்பாளரின் கத்தரிக்கோல் சென்ற திசையையா? திரைக்கு வெளியே நிலைமை இன்னும் விந்தையானது. தவறாத வணிகராகத் திரையில் டிரம்ப் தோன்றிக்கொண்டிருந்த 2004 நவம்பரிலேயே, அவருடைய சூதாட்ட விடுதி நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

இறுதித் தீர்ப்பு மட்டும் நேரலையில் வந்தது. அங்கே கத்தரிக்கோலுக்கு இடமில்லை. 2005 டிசம்பர் 15. ராண்டலின் பெயர் அறிவிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் சமையற்பொறுப்பை ஏற்றிருந்த கறுப்பினத் தாய் ஒருவர் கைகளைத் தட்டி எழுந்துவிட்டார். அந்த நிகழ்ச்சியில் அவர் இனத்தைச் சேர்ந்த ஒருவர் வெல்வது அதுவே முதன்முறை. அந்த ஆரவாரம் அடங்குமுன் டிரம்ப் அவரை மீண்டும் அமரச் சொன்னார். ரெபேக்காவையும் நான் பணியில் சேர்த்துக்கொள்ளலாமா, உம் கருத்தென்ன என்று கேட்டார்.

ராண்டல் தயங்கவில்லை. பயிலுநர் ஒருவரே; இன்றிரவு ஒருவரைத் தேர்வதானால் அது ஒருவராகவே இருக்க வேண்டும் என்றார். நிகழ்ச்சியின் பெயரே ஒருமையில்தான் இருக்கிறது என்று சொல்விளையாட்டும் செய்தார். ரெபேக்கா வெறுங்கையோடு திரும்பினார்.

மூத்த பங்குத்தந்தைக்குப் பொறுக்கவில்லை. திராட்சைத் தோட்ட உவமையை நினைவூட்டினார். கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த நிலக்கிழாரைப் பார்த்து முணுமுணுத்தவர்களின் கூட்டத்தில் ராண்டலையும் சேர்த்துவிட்டார். மறுவாரம் பலரும் அப்படியே பேசினர். கஞ்சத்தனம் என்றனர், பெருந்தன்மையில்லை என்றனர்.

சமையற்கட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: “முன்னே ஜெயித்த மூணு பேர்கிட்டேயும் இதைக் கேட்டாங்களா, ஃபாதர்?”

கேட்கவில்லை. 2004-இல் பில் ரான்சிக்கிடமும், அதே ஆண்டின் இறுதியில் கெல்லி பெர்டியூவிடமும், 2005 மே மாதத்தில் கெண்ட்ரா டாடிடமும் வெற்றியைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி எவரும் வேண்டவில்லை. மூவரும் வெள்ளையர்.

அந்த உவமையைப் பல முறை மறையுரைகளில் விளக்கியிருக்கிறேன். அதனால் அன்றிரவு எனக்கு ஒன்று தெளிவாகவே பட்டது. உவமையின் நிலக்கிழார், விடியலில் வந்தவர்களிடம் அனுமதி கேட்பதில்லை. தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். முணுமுணுப்பையும் தாமே ஏற்கிறார். இங்கோ செல்வம் முதலாளியுடையது, முடிவும் முதலாளியுடையது. ரெபேக்காவுக்கு வேலை கொடுக்க அவர் எவரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டதனால், கொடுத்தால் வள்ளல் என்ற பெயர் அவருக்கு. மறுத்தால் கஞ்சன் என்ற பெயர் மற்றவருக்கு. கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, வென்று ஒரு நிமிடமும் ஆகாத மனிதரின் முன்னே நீட்டப்பட்ட உண்டியல் அது. அதில் போடுவதை ஈகை என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் ரெபேக்காவின் முகம் எனக்கு மறக்கவில்லை. அருகில் நின்று, தன் வாழ்வைப் பற்றிய கேள்வி வேறொருவரிடம் கேட்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராண்டல் அந்தச் சொல்விளையாட்டையாவது தவிர்த்திருக்கலாம். ‘இன்றிரவு’ என்ற அவருடைய சொல், நாளைக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. அதைப் பலர் காதில் வாங்கவில்லை, முதலாளியும் வாங்கவில்லை.

அட்லாண்டிக் சிட்டியில் டிரம்பின் விடுதிகளைப் புதுப்பிக்கும் பணியில் ராண்டல் ஓராண்டு ஈடுபட்டார். பிறகு தம் நிறுவனத்துக்கே திரும்பினார். 2016 ஏப்ரலில், டிரம்ப் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட முனைந்தபோது, முன்னாள் போட்டியாளர்கள் சிலர் நியூயார்க்கில் கூடி அவரை எதிர்த்துப் பேசினர். அவர்களுள் ராண்டலும் முதற்பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற குவாமி ஜாக்சனும் இருந்தனர். ரெபேக்கா செய்தித்துறையில் வளர்ந்து, ஏ.பி.சி. நிறுவனத்தின் தலைமை வணிகச் செய்தியாளரானார். நோயாளிகளை ஏமாற்றிய ஓர் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் கதையை 2019-இல் அவர் ஒலித்தொடராக வெளியிட்டபோது உலகெங்கும் கேட்டார்கள்.

பங்குத்தந்தை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சமையற்கட்டு அம்மாவும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் ஊர் திரும்பும் வரையிலும், வியாழக்கிழமைதோறும் இரவு உணவின்போது அவர்களுள் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்ததில்லை.