பின் பிரேக்கும் ஒரு முதியவரின் காலும்

ஓடுகின்ற வண்டியை வியப்போர் பலர். அதை நிறுத்துகின்ற உறுப்பை நினைப்போர் சிலர். அவருள்ளும் பின்சக்கரத்துப் பிரேக்கை நினைப்போர் மிகச் சிலர். மிதித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே ஏற்கின்றன. பின்சக்கரங்கள் தம் பங்கில் குறைந்தாலும் முன்னவை அதனை ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே பின்னே உள்ள கோளாறு நெடுநாள் வெளிப்படுவதில்லை. மழை நனைத்த சாலையிலோ, ஆட்கள் நிறைய ஏறிய நாளிலோதான் அது தன்னைக் காட்டுகிறது.

கண்டமங்கலத்தில் நமது பங்கிற்குப் பழைய அம்பாசடர் ஒன்று உண்டு. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950களின் இறுதி தொடங்கி 2014 வரை உருவாகிவந்த இனம் அது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஊர் நமது. இரவில் எவருக்கேனும் நோய் முற்றினால், பல வீட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வண்டியும், அதை ஓட்டும் அறுபது கடந்த பெரியவரும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், அந்த வண்டியின் பிரேக் பெடல் ஆழமாக இறங்கத் தொடங்கியது. மிதித்தால் வண்டி இடப்பக்கம் சற்றே இழுத்தது. அருகிலுள்ள பட்டறை ஒன்றில் முன்சக்கரத்து ஷூக்களை மாற்றினர், பயனில்லை. அதன்பின் பேச்சு வேறு திசையில் திரும்பியது. “பெரியவருக்குக் கால் தளர்ந்துபோச்சு சாமி, வேற ஆளைப் பாருங்க” என்றனர் சிலர். அவர் மறுமொழி கூறவில்லை; ஆயினும் சாவியை வாங்கும்போது நம் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒருவரது பிழைப்பைப் பற்றி முடிவு செய்யுமுன் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்ப்பதே நியாயம் என்று நமக்குத் தோன்றியது.

விழுப்புரத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதித்தார், பெடல் ஆழ்ந்தது. விரைந்து இருமுறை மிதித்தார், மேலே எழுந்தது. பஞ்சுபோல் அமுங்கவில்லை; ஆகவே குழாயில் காற்று இல்லை. ஒரு நிமிடம் அழுத்தியே வைத்திருந்தார், கீழே நழுவவில்லை, ஆகவே அழுத்தம் எங்கும் கசியவில்லை. பின்பு ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு மிதித்தார். பெடல் உயரத்திலேயே நின்றுவிட்டது. “முன்னாடி ஒண்ணும் இல்ல சாமி, பின்னாடிதான்” என்றார்.

காரணம் எளிது. இவ்வண்டியின் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பற்றும். அது பின் ஷூக்களை டிரம்மின் அருகே கொண்டுசென்றதும் பெடல் உயர்கிறதென்றால், அங்கேதான் இடைவெளி மிகுந்திருக்கிறது என்பது பொருள்.

ஜாக்கி வைத்துத் திறந்தபோது இருபுறத்து ஷூக்களும் தேய்ந்திருந்தன. வலப்புறத்தது எண்ணெயிலும் ஊறியிருந்தது. வலம் பற்றாததால் வண்டி இடம் இழுத்தது. ஈரத்தை விரலில் தொட்டு முகர்ந்து, நீர் ஊற்றிப் பார்த்தார். பிரேக் ஆயிலாயின் நீரோடு கலந்து கழுவிப்போகும்; குற்றம் வீல் சிலிண்டரின் ரப்பரில் இருக்கும். இதுவோ கழுவிப்போகவில்லை, கந்தக நெடி வீசியது. அச்சினுள் இருக்கும் கியர் ஆயில் அது. அச்சு முனையிலுள்ள ஆயில் சீல் கசிந்திருந்தது. அவர் அதோடும் நிற்கவில்லை. அச்சின் மேலுள்ள காற்றுத்துளையைத் தேடினார்; சேறு அடைத்திருந்தது. சூடேறிய காற்று வெளியேற வழியின்றி உள்ளே அழுத்த, எண்ணெய் சீலைத் தாண்டி வந்திருக்கிறது. துளையைத் திறவாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால், புது ஷூவும் சில மாதங்களில் நனைந்திருக்கும்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்க்கு அவர் கூறிய இன்னும் இரண்டு. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் சக்கரத்தின் அருகே புறங்கையை நீட்டிப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் ஒன்று மட்டும் சுட்டால் அதன் சிலிண்டரோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கும். இரண்டும் சுட்டால், இரண்டுக்கும் பொதுவான ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருக்கலாம். அடுத்தது, டிரம்மினுள் படிந்த தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே நலம்.

மாலையில் திரும்புகையில் வளவனூர்க் கடைவீதியில் பிள்ளைகள் திடீரெனச் சாலையைக் கடந்தனர். வண்டி கோணாமல் நேராக நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நம் முகத்தைப் பார்த்தார்.

குறை தெரியும் இடம் ஒன்று. குறை இருக்கும் இடம் வேறொன்று. காலடியில் தெரிந்த கோளாறு அச்சின் மேலிருந்த சிறு துளையில் இருந்தது. அதைத் தேடிச் செல்ல ஒரு பிற்பகல் ஆயிற்று. தேடாதிருந்தால், ஒரு முதியவர் செய்யாத பிழைக்காக வேலையிழந்திருப்பார். அவருக்குப்பின் வரும் இளைஞரும் அதே பிரேக்கைத்தான் மிதித்திருப்பார்.