மில்வாக்கிக்கு எட்டுப் பேர்



வருகிற செப்டெம்பர் மாதம் நம் பங்கைச் சேர்ந்த எட்டுப் பேர் அமெரிக்காவின் மில்வாக்கி நகருக்குக் கோல்ஃப் ஆடச் செல்கிறோம். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். "பாதருக்கு இதென்ன புது விளையாட்டு?" என்று கோவில் வாசலில் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அதற்கு விடை சொல்லத் தொடங்கிய இப்பதிவு, எழுத எழுத என் குற்ற அறிக்கையாக மாறிவிட்டது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

என்னை இந்த விளையாட்டுக்குள் அழைத்து வந்தவர் நம் பங்கின் மூத்தவர்களுள் ஒருவர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். அண்ணை என்றே எழுதுகிறேன். எண்பதுகளின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்தவர். வந்த புதிதில் ஒரு கோல்ஃப் கழகத்தின் சமையலறையில் இரவிரவாகக் கோப்பை கழுவியவர். "விடியக் காலமை சன்னலாலை அந்தப் புல்லைப் பாப்பன் பாதர். ஒரு நாளைக்கு நானும் அதிலை கால்வைக்க வேணும் எண்டு நினைச்சன்" என்று ஒருமுறை சொன்னார். பல ஆண்டுகளின் பின், பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் ஒரு தொகுதி மட்டைகளை வாங்கித் தாமாகவே பழகிக்கொண்டார்.

ஸ்காபரோவிலுள்ள டாம் ஓ ஷான்டர் திடல், ரொறன்ரோ மாநகரசபை நடத்தும் ஐந்து கோல்ஃப் திடல்களுள் ஒன்று. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்று மாலையில் அண்ணை என்னையும் இன்னும் சிலரையும் அங்கே கூட்டிச் செல்வார். மனைவியை இழந்தவர், ஓய்வு பெற்றபின் பேச ஆளில்லாதவர், இரவு வேலையால் பிள்ளைகளின் முகம் காணாதவர் எனச் சிறிது சிறிதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. என் மறையுரை எட்டாத சில உள்ளங்கள், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடக்கும் வழியில் தாமாகத் திறந்துகொண்டதைக் கண்டேன். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நேரம் மிகக் குறைவு. மீதி நேரமெல்லாம் பக்கத்தில் நடப்பவருக்கே உரியது.

இவ்வாண்டு ஒரு பயணம் போகலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, ஒழுங்குசெய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். மில்வாக்கியை நான்தான் தெரிந்தேன். மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த அந்நகரைச் சுற்றிப் பெயர்பெற்ற திடல்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று எரின் ஹில்ஸ். பனியாறுகள் விட்டுச்சென்ற மேடுபள்ளங்களில் அமைக்கப்பட்டு, 2006இல் திறக்கப்பட்டு, 2017இல் அமெரிக்க ஓபன் போட்டியை நடத்திய இடம். அங்கிருந்து பார்த்தால் தொலைவிலே ஹோலி ஹில் என்னும் மாதா திருத்தலத்தின் கோபுரங்கள் தெரியும். கார்மேல் சபைத் துறவிகள் 1906 முதல் பராமரிக்கும் திருத்தலம் அது.

மாதாவின் கோபுரத்தைப் பார்த்தபடி பந்தடிக்கலாம் என்றால் எந்தக் குருவானவருக்குத்தான் ஆசை வராது? "இது பாதி யாத்திரை" என்று வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். என் ஆசைக்குப் பக்தி என்னும் போர்வையைப் போர்த்தினேன் என்பதை அப்போது உணரவில்லை. ஒருவருக்குப் பல நூறு அமெரிக்க டொலர் கட்டணம் என்பதையும், அங்கே வண்டியில் செல்லாமல் நடந்தே ஆடுவது விதி என்பதையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, "யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

ஏழு பேர் உடனே சம்மதித்தோம். அண்ணை மட்டும் மறுநாள் எழுதினார்: "நீங்கள் எல்லாரும் சந்தோசமாய்ப் போயிட்டு வாங்கோ. நான் அடுத்த முறை பாப்பம்."

நான் அதற்குப் பெருவிரல் அடையாளம் ஒன்றை இட்டேன். என் சிந்தனை முழுவதும் எண்ணிக்கையிலேயே இருந்தது. கோல்ஃப் திடல்களில் நான்கு நான்கு பேராகவே ஆட விடுவார்கள். எட்டு என்றால் இரண்டு அணிகள்; ஏழு என்றால் அரைகுறை. ஆகவே அன்றிரவே இன்னொருவரைத் தேடத் தொடங்கினேன். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுபவன் நான். எட்டில் ஒன்று குறைந்தபோது, குறைந்தவரைத் தேடவில்லை, மாற்றாள் தேடினேன்.

இரு வாரங்களின் பின், சுகவீனமாயிருந்த அவருடைய மனைவிக்கு நற்கருணை கொண்டு சென்றேன். அண்ணை கடைக்குப் போயிருந்தார். கதவருகே அவருடைய மட்டைகள் துடைத்துத் துலக்கமாய் நின்றன. அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருக்கு முழங்கால் ஏலாது பாதர். ஒன்பது குழி நடந்தாலே ரெண்டு நாள் படுக்கை. காசும் இப்ப இறுக்கம். உங்களிட்டைச் சொல்ல வெக்கப்படுறார். ஆனா ரெண்டு நாளைக்கு ஒருக்கா இதுகளைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறார்."

காருக்குள் வந்தமர்ந்து நெடுநேரம் அதை இயக்காமல் இருந்தேன். திங்கள் மாலைகளில் அவர் ஒன்பதாவது குழியோடு "இண்டைக்குக் காணும்" என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்ததை எத்தனை முறை கண்டிருக்கிறேன்! ஏன் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லையே.

"அடுத்த முறை பாப்பம்" என்பது நம்மவர் கதவை ஓசைப்படாமல் சாத்தும் முறை. அதன் பின்னால் பணமின்மை இருக்கலாம், நோய் இருக்கலாம், எல்லை கடக்கப் போதிய பத்திரங்கள் இல்லாதிருக்கலாம். பலர் பார்க்கும் இடத்தில் "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால், வர இயன்றவர்களின் குரல் மட்டுமே கேட்கும். இயலாதவரோ வாழ்த்துச் சொல்லி விலகிக்கொள்வார். இடத்தைத் தெரிவதற்கு முன்னர் ஒவ்வொருவரையும் தனியே கண்டு, "எவ்வளவு செலவழிக்கலாம்? எவ்வளவு நடக்கலாம்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். பயணம் ஒழுங்குசெய்வதில் முதல் வேலை அதுவே. நான் அதைக் கடைசியில் செய்தேன்.

ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். செலவு தங்களுக்கும் பாரம்தான் என்று மேலும் இருவர் ஒப்புக்கொண்டனர். திட்டத்தை மாற்றினோம். இப்போது நாங்கள் ஆடவிருப்பது மில்வாக்கி மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான பிரவுன் டியர் பூங்காத் திடலில். யாவரும் போகலாம், வண்டியும் உண்டு. அதைச் சிறிய இடமென்று எண்ணிவிட வேண்டாம். 1996இல் இருபது வயது டைகர் வூட்ஸ் தொழில்முறை ஆட்டக்காரராகத் தம் முதற் போட்டியை ஆடியது அங்கேதான். இறுதி நாளில் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் வீழ்த்தினார். ஆயினும் அறுபதாம் இடத்தையே பகிர்ந்துகொண்டார். பரிசு 2,544 டொலர்.

ஆடும் முறையையும் மாற்றினோம். 'ஸ்கிராம்பிள்' என்பார்கள். அணியிலுள்ள நால்வரும் அடிப்பர். நான்கு பந்துகளில் நல்ல இடத்தில் விழுந்தது எதுவோ, அங்கிருந்தே நால்வரும் அடுத்த அடியை அடிப்பர். தூரம் அடிக்கும் இளைஞனுக்கும் வேலை உண்டு. குழியருகே பதறாத கைக்கும் வேலை உண்டு. குழியருகே அண்ணையின் கையை விஞ்ச எங்களில் ஆளில்லை. ஓர் உடல், பல உறுப்புகள் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியாது.

ஞாயிறு திருப்பலிகளை முடித்து, திங்கட்கிழமை சார்னியா வழியாக எல்லை கடந்து மஸ்கீகன் துறைமுகம் சேர்வோம். அங்கிருந்து கார்களையும் ஏற்றிச் செல்லும் விரைவுக் கப்பல் இரண்டரை மணித்தியாலத்தில் ஏரியைக் கடக்கும். மில்வாக்கியில் புனித யோசபாத்து பசிலிக்காவையும் தரிசிப்போம். போலந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் எழுப்பிய ஆலயம் அது. சிக்காகோவில் இடிக்கப்பட்ட அரசாங்கக் கட்டடமொன்றின் கற்களை வாங்கி, புகையிரதத்தில் ஏற்றி வந்து, 1901இல் கட்டி முடித்தார்கள். பிறர் கழித்த கற்களால் எழுந்த ஆலயத்தின் முன், பழைய கடையில் வாங்கிய மட்டைகளோடு அண்ணை நிற்பதைக் காண விரும்புகிறேன்.

கடந்த வாரம் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டு, புதிய திட்டத்தைச் சொன்னேன். "எனக்காகவே மாத்தினீங்கள்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. குருவானவர் பொய் சொல்லலாகாது. "ஓம் அண்ணை, உங்களுக்காகத்தான்" என்றேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கப்பல் ஆடுமோ பாதர்?" என்று கேட்டார். அவர் வருகிறார் என்பதை அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் இது மகிழ்ச்சி அல்ல. எரின் ஹில்ஸை எண்ணிக் கனவு கண்ட தம்பி ஒருவர் இன்னும் மனத்தாங்கலோடு இருக்கிறார். ஆசையைத் தூண்டியவன் நானே. அவருடைய ஏமாற்றமும் நியாயமானதே. அவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அன்புக்குரியவர்களே, மிட்லண்ட் யாத்திரைக்குப் பேருந்து ஒழுங்குசெய்வோரும், ஒன்றுகூடலுக்குப் பணம் சேர்ப்போரும் உங்களுள் இருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியலை மூடுமுன், சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வராதவர் யாரென்று ஒருமுறை பாருங்கள். பின்பு தொலைபேசியை எடுத்து அவரோடு தனியே பேசுங்கள். எட்டுப் பேர் பத்திரமாய்ப் போய்த் திரும்பவும், ஒரு முழங்கால் நான்கு நாட்கள் தாக்குப்பிடிக்கவும் மன்றாடுங்கள்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை