கால் ஊனுதா, அதைச் சொல்லு

என் வலது முழங்காலுக்குக் கீழே இப்போது ஒரு கம்பி இருக்கிறது. எலும்புக்குள்ளேயே, முழங்காலில் தொடங்கி கணுக்கால் பக்கம் வரை. மேலும் கீழும் திருகாணி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். விபத்து நடந்து ஆறு மாதம் ஆகிறது. வண்டி ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம்.

இந்த ஒரு மாதத்தில் என்னைப் பார்க்கும் தம்பி தங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: “செம தில்லு தோழர் உங்களுக்கு. திரும்பவும் வண்டியை எடுத்துட்டீங்களே!” அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தில்லாக இருந்த ஒரே நாளில் மறுபடியும் காலை உடைத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும் இல்லையா?

தை மாதக் கடைசி. கீரனூர் பக்கம் ஒரு குடியிருப்பில் சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளின் விவரங்களை எழுதிக்கொண்டு திரும்பினேன். இரவு ஏழு மணி இருக்கும். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் கொட்டி, கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணை அடித்தது. கல் தெரியவில்லை. வண்டி சாய்ந்து என் காலின் மேல் விழுந்தது. அந்த விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. களம் இல்லாத ஊரில் அவர் நெல்லை வேறெங்கே காயவைப்பார்? ஹெல்மெட் போட்டிருந்தேன். அதன் வலது பக்கம் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. தலை தப்பியது அதனால்தான்.

108 வந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு தகவல்: தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பொருந்தும். நம் குடியிருப்புகளில் இது பலருக்குத் தெரியாது. “காசு கட்டணுமே” என்று பயந்து வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியப்பா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். எக்ஸ்ரேயில் முன்னங்கால் எலும்பு இரண்டாக விலகி நின்றதைப் பார்த்த பிறகு நான் அறுவைச் சிகிச்சைக்கே சம்மதித்தேன்.

என்னுடைய வண்டி ஸ்பிளெண்டர். எடை 110 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதல் வேலையில் சேர்த்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. “பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டி பத்தாதா?” என்று கேட்காத ஆள் இல்லை. நான் போகிற பாதைகளுக்குப் பெரிய சக்கரம் வேண்டும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தாத்தா. அவரிடம் சைக்கிள் இருந்தது. ஆனால் ஊர்த்தெருவில் ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்து போனதில்லை. தெரு தொடங்கும் இடத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டே நடந்து, தெரு முடிந்த பிறகுதான் ஏறுவார். சைக்கிள் அவருடையது. அதில் உட்காரும் உரிமை மட்டும் அவருடையது இல்லை. சமூகவியல் முதுகலையில் நான் படித்த எந்தப் புத்தகமும் அந்த ஒரு தெருவைவிடத் தெளிவாக எனக்குச் சாதியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் வண்டி எனக்கு வெறும் வண்டி இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏழாவது வாரம். வாக்கரை விட்டுவிட்டு ஒரு கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தேன். சான்றிதழ் விஷயமாக விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் போகாமல் யார் போவது? வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வண்டியை வெளியே எடுத்தேன். செல்ஃப் போட்டேன், ஸ்டார்ட் ஆனது. வாசலைத் தாண்டி பத்தடி போயிருப்பேன். ஒரு நாய் குறுக்கே வந்தது. வலது கால் பிரேக்கை மிதிக்கவில்லை. நான் மிதிக்கச் சொன்னேன், அது யோசித்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி வலது பக்கம் சாய்ந்தது, காலை ஊன்றினேன், கால் நிற்கவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுச் சுவரில் வண்டியோடு சாய்ந்து நின்றேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க நடுக்கம் நிற்கவில்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலை மறுபடி படித்தேன். சாலிஸ்கான் சம்பவம் அதில் இருக்கிறது. 1929-இல் அவர் ரயிலில் சாலிஸ்கான் வந்து இறங்குகிறார். குடியிருப்புக்கு அழைத்துப் போக மக்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது இழுக்கு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவதாகப் பேச்சு முடிகிறது. வண்டியே ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். வழியில் ஒரு பாலத்தில் வண்டி நிலைகுலைந்து, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. பிறகுதான் அவருக்கு முழு விவரமும் தெரிகிறது. விருந்தாளி நடந்து வந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்கள், அவருடைய பாதுகாப்பை நினைக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் இதைக் கல்லூரியில் படித்தபோது வண்டிக்காரர்களின் சாதித் திமிரை மட்டும்தான் பார்த்தேன். காலில் கம்பியோடு படித்தபோது கடிவாளத்தைப் பிடித்த அந்த மனிதர் தெரிந்தார். மரியாதை மறுக்கப்பட்டவர்களுக்கு மரியாதையின் மேல் இருக்கும் அவசரம் அது. ஏழாவது வாரம் வண்டியை எடுத்தபோது என்னிடம் இருந்ததும் அதுவேதான். தாத்தா ஏறாத வண்டியில் நான் ஏறினேன், இனி இறங்கவே மாட்டேன் என்கிற வேகம். அந்த வேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் எலும்புக்கு அந்த நியாயம் தெரியாது.

விசாரணைக்கு நான் போகவில்லை. எங்களோடு வேலை செய்யும் இரண்டு தங்கைகள் போனார்கள். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். நான் போயிருந்தால் அதிகாரியிடம் நானே பேசியிருப்பேன். அவர்களுக்கு அவ்வளவு பேசத் தெரியாததால், மூன்று பிள்ளைகளுக்குச் சான்றிதழ் இல்லாமல் அலைந்த அம்மாவே எழுந்து பேசினாராம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. ‘நான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்’ என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேனே!

மூன்றாவது மாதம் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021-இல் வந்த அந்தத் திட்டத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன், பயன்படுத்தியதில்லை. பஸ் ஊருக்குள் வந்து நின்றது. நான் இறங்கினேன். அங்கிருந்து நம் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் அது மூன்று நிமிடம். கைத்தடியோடு அன்று எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் உட்கார ஒரு திண்ணை இல்லை. இருந்த திண்ணைகளில் நாம் உட்கார முடியாது. நிறைமாதக் கர்ப்பிணியும், டயாலிசிஸுக்குப் போகிற தாத்தாவும் தினமும் இந்தத் தூரத்தை எப்படி நடக்கிறார்கள் என்று ஐந்து வருடமாக அங்கே போய்வந்த நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வண்டி அந்தத் தூரத்தை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

அன்று இன்னொன்றும் நடந்தது. எலும்புக்குள் கம்பி வைத்த பலருக்கு முழங்காலின் முன்பக்கம் வலி இருக்கும், மண்டியிட முடியாது. எனக்கும் அப்படித்தான். தரையில் உட்கார முடியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் பாயில்தான் உட்காருவேன் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. ஒரு ஆத்தா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் தயங்கி நின்றேன். அவர் சிரித்துவிட்டார். “உக்காரு தாயி. நாற்காலியில உக்காரத்தான இம்புட்டுச் சண்டை போடுறோம்?”

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அதை முடிவு செய்தது என் அம்மா.

1991-92-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். நான் அப்போது கைக்குழந்தை. ஏழாவது வாரக் கூத்து தெரியவந்ததும் அம்மா திட்டுவார், வண்டியை விற்கச் சொல்வார் என்று நினைத்தேன். உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“தைரியம் இருக்கா இல்லையான்னு யாரு கேட்டா? கால் ஊனுதா, அதைச் சொல்லு பாப்பா.”

“கொஞ்சம் ஊனுது.”

“கொஞ்சம் ஊனுறதுக்குக் கொஞ்சம் ஓட்டுற வண்டி எங்க இருக்கு? எங்களுக்குச் சைக்கிள் சொல்லித் தந்தப்ப முதல் நாளே ஏத்தி உடல. தள்ளிக்கிட்டு நடக்கத்தான் சொன்னாங்க. நீயும் தள்ளு.”

தள்ளினேன். நான்காவது மாத எக்ஸ்ரேயில் எலும்பு நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, தினமும் காலையில் எங்கள் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வண்டியை அணைத்த நிலையில் தள்ளிக்கொண்டு நடந்தேன். முதல் நாள் தாத்தா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அவர் தள்ளியது அடுத்தவர் போட்ட விதிக்காக. நான் தள்ளியது என் காலுக்காக. இரண்டாவது வாரத்தில் அந்த நினைப்பு போய், தொடைத் தசை வலி மட்டும் மிஞ்சியது.

இயன்முறை மருத்துவர் சொன்னதையும் அம்மா சொன்னதையும் சேர்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். வலது காலில் மட்டும் அரை நிமிடம் நிற்க வேண்டும். அதே காலில் பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பிடிக்காமல் படி இறங்க வேண்டும். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, வலது பக்கம் சாய்த்து, காலில் தாங்கி நிமிர்த்த வேண்டும். யாராவது திடீரென்று கை தட்டினால் உடனே பிரேக்கில் கால் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் நான் அதிக நாள் தோற்றேன்.

பிரேக் ஏன் முக்கியம் என்றால், வலது கால் எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களை வைத்து, கார் ஓட்டுவது போன்ற கருவியில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். காலில் எடை ஊன்றத் தொடங்கி ஏறக்குறைய 6 வாரம் கழித்துத்தான் பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்கு வந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அரை நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். அந்த ஐந்தரை மீட்டருக்குள் ஒரு குழந்தை நிற்கலாம். நம் காலைப் பணயம் வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவர் உயிரையும் சேர்த்து வைக்கிறோம்.

இன்னும் சில. கிக்கர் உதைக்கவே கூடாது, அது திருப்பி உதைத்தால் தாங்காது. தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை போட்ட நாளில் சாவியைத் தொடக்கூடாது. செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் ஷூ. பின்னால் ஆளை ஏற்றுவது கடைசியில்தான். இது எல்லாம் என் காலுக்குச் சொன்னது. உங்கள் காலுக்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, அம்மா வாசலில் நிற்க, தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தேன். இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. நிறுத்தியபோது கால் ஊன்றியது. அம்மா கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வண்டி, இரண்டு நாள் பஸ். பஸ் நாட்களை விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றி, பஸ்ஸைக் குடியிருப்பு வரை நீட்டிக்கச் சொல்லி, போன திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவை எழுதியது அந்த இரண்டு தங்கைகள். முதல் கையெழுத்து எனக்கு நாற்காலி போட்ட ஆத்தாவுடையது. பதில் வரவில்லை. வரும் திங்கள் மறுபடி போகிறோம்.

அடிபட்டுக் கிடக்கும் தோழர்களே, அவசரப்படாதீர்கள். வண்டி எங்கேயும் போகாது. காலை ஊன்றிப் பாருங்கள். ஊன்றும்போது எடுங்கள்.

ஜெய் பீம்.