தாரந்தோ நகரின் இலச்சினை

நாணயமும் பேசுமோ? பேசும் என்பதை அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பேழையின்முன் நின்றபோது உணர்ந்தேன். கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியதொரு பழைய வெள்ளிக்காசு அதனுள் இருந்தது. ஓங்கில் என்னும் டால்பினின் முதுகில் இளைஞன் ஒருவன் அமர்ந்து கடல்மேற் செல்லும் உருவம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அருகே 'தாரஸ்' என்னும் கிரேக்க எழுத்துகள். குழந்தைக் கதைக்குரிய படம் என்றே முதலில் எண்ணினேன். அதன் வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

அக்காசு தென் இத்தாலியிலுள்ள தாரந்தோ நகரத்திற்கு உரியது. கி.மு. 706-இல் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த கிரேக்கர் அந்நகரை நிறுவினர் என்பது மரபு. தாய்நாட்டில் உரிமை பெறாத அவர்களுக்குக் கடலே வழிகாட்டிற்று. கடலே வாழ்வும் அளித்தது. கடற்கடவுளாகிய பொசைடனின் மகன் தாரஸ். இடருற்ற அவனை ஓங்கில் ஒன்று சுமந்து கரைசேர்த்தது என்பது பழங்கதை. அவன் பெயரே நகரின் பெயராயிற்று.

நகரம் செழித்தது. பிளேட்டோவின் நண்பரும் கணித மேதையுமாகிய ஆர்க்கிட்டாஸ் அங்கு ஏழு முறை படைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பர். ஆயினும் அச்சிறப்பு நிலைக்கவில்லை. கி.மு. 272-இல் நகரம் உரோமர் கைப்பட்டது. பின்னர் ஹானிபலின் வசமாயிருந்த நகரை, கி.மு. 209-இல் உரோமர் மீண்டும் கைப்பற்றிச் சூறையாடினர். அடிமைகளாக்கப்பட்டோர் 30,000 பேர் என்று லிவி எழுதுகிறார். நாளடைவில் நகர மக்களின் கிரேக்க மொழியும் மறைந்தது. பழைய கோயில் ஒன்றின் இரு கல்தூண்கள் மட்டும் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

ஆனால், அந்த ஓங்கில் மறையவில்லை! இன்றைய தாரந்தோவின் இலச்சினையிலும் தாரஸ் கையில் முத்தலைவேல் ஏந்தி ஓங்கிலின்மேல் அமர்ந்திருக்கிறான். அரசுகள் அழிந்தும், மொழி மாறியும், கடலுக்குச் செலுத்திய நன்றியை அம்மக்கள் மறக்கவில்லை.

அந்நன்றிக்கு இக்காலத்தில் ஒரு சோதனை வந்துள்ளது. 1960-களில் நகரின் அருகே மாபெரும் எஃகு ஆலை எழுந்தது. அது பல்லாயிரவர்க்கு வேலை அளித்தது. அதன் புகையும் தூசியும் அண்டை மக்களின் நலத்தைக் கெடுத்தன. பிழைப்பா, உயிரா என்று தந்தையரும் தாயரும் தவிக்கும் நிலை உண்டாயிற்று. எதனை விடுவது? எளிதில் விடை கூற இயலாத வினா இது.

தாரந்தோ வளைகுடாவில் ஓங்கில்கள் இன்னும் துள்ளித் திரிகின்றன. தன்னைக் கரைசேர்த்த கடலையும் அக்கரையில் வாழும் மக்களையும் காப்பதே ஒரு நகரம் தன் இலச்சினைக்குச் செய்யும் சிறப்பாகும். அந்தச் சிறு காசு எனக்குச் சொன்னது அதுவே.